மேலத்தெருக் கல்

ஆவுடைத்தாய் இன்றைக்கும் அந்தக் கல்லருகே நின்று குனிந்தாள்.

தூரத்தில் வீட்டு வாசலிலிருந்து பார்த்த நிவேதாவுக்கு மனசு ஆறவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே காட்சிதான். அடுப்படி வேலையை முடித்து அவள் வாசலுக்கு வருவதற்குள் மாமியார் மேலத்தெரு முனைக்குப் போயிருப்பாள். கல்லருகே நின்று, குனிந்து, காலில் கைவைப்பாள். அப்புறம்தான் தெருவுக்குள் நுழைவாள்.

'கீழத்தெருவார் இதற்கு மேல் செருப்பணிந்து செல்லலாகாது' என்று எந்தக் காலத்திலோ வெட்டி நட்ட கல்.

இப்போது யாரும் யாரையும் தடுப்பதில்லை. ஆனாலும் அத்தைக்குப் பயம் போகவில்லையே. கேட்டால் மனசு சங்கடப்படுமோ என்று நிவேதா கேட்டதில்லை.

அதற்குள் ஒரு ஜே.சி.பி. வண்டி கல்லருகே வந்து நின்றது. கூடவே கவுன்சிலர் இசக்கிச்செல்வி. அவளும் கீழத்தெருக்காரிதான்.

"மதினி, கொஞ்சம் தள்ளிக்கோங்க. இன்னைக்கோட இந்தச் சனியன் ஒழிஞ்சுது."

ஆவுடைத்தாய் கையிலிருந்த துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எடுக்கப்படாது."

"என்ன மதினி சொல்லுதிய?"

"கல்லு இங்கனதான் நிக்கணும்."

கூட்டம் கூடிவிட்டது. "பாவம், பயந்து பயந்தே பழகிட்டு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். நிவேதா ஓடி வந்தாள். அத்தையின் வெறுங்காலைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது.

மேலத்தெரு பரமேஸ்வரன் முன்னால் வந்தார். குற்றால சீசனுக்கு வருகிறவர்களுக்குத் தன் வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறவர். கல்லை எடுக்கச் சொல்லி மனு கொடுத்ததும் அவர்தான்.

"நாங்களே எடுக்கச் சொல்லுதோம், நீ எதுக்கும்மா தடுக்கே? வந்து தங்குதவங்க எல்லாம் இதைப் போட்டோ எடுத்துட்டு, என்னது இதுன்னு கேக்காங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"நடந்ததைச் சொல்லுங்க அண்ணாச்சி."

ஆவுடைத்தாய் கல்லின் மேல் கையை வைத்தாள்.

"என்னைப் பெத்த ஐயா செருப்பை இந்தக் கல்லு வரைக்கும் போட்டுட்டு வந்து, இங்கன கழட்டிக் கையில எடுத்துக்கிடுவாரு. பின்னாலயே நானும் நடந்திருக்கேன். இன்னைக்குக் கல்லைத் தூக்கிட்டா, நாளைக்கு அப்படி ஒண்ணு நடக்கவே இல்லம்பிய."

இசக்கிச்செல்வி கல்லில் வெட்டியிருந்ததை ஒருமுறை படித்தாள். பிறகு டிரைவர் பக்கம் திரும்பினாள்.

"வண்டியைத் திருப்புங்க. கல்லு இருக்கட்டும். என்ன நடந்துச்சு, எப்படி ஒழிஞ்சுதுன்னு எழுதி பக்கத்துல ஒரு போர்டு வைப்போம்."

கீழத்தெரு ஆட்கள் கைதட்டினார்கள். மேலத்தெருவிலும் இரண்டு மூன்று பேர் தட்டினார்கள். பரமேஸ்வரன் வீட்டைப் பார்த்து நடந்தார்.

கூட்டம் கலைந்ததும் நிவேதா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னது சரிதான் அத்தை. கல்லு இருக்கட்டும். ஆனா இனிமே இங்க வந்து செருப்பைக் கழட்டாதிய. என்னால பாக்க முடியல."

ஆவுடைத்தாய் திருதிருவென்று விழித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

"ஏட்டி, நான் கழட்டுதேன்னா நெனச்சே?"

பைக்குள்ளிருந்து, பளபளவென்று குதி உயர்ந்த சிவப்புச் செருப்பு ஒரு ஜோடி வெளியே வந்தது. அவள் குனிந்து, ஒவ்வொன்றாக மாட்டி, வாரை இழுத்துவிட்டாள்.

"வீட்டுலேருந்து வெறுங்காலோடதான் வாரேன். இந்தத் தெருவுல நடக்கதுக்குன்னே தென்காசியில போய் வாங்குனது. நம்ம தெருவுல போட்டு எதுக்குத் தேய்க்கணும்?"