சந்தனப் பொட்டு

மெக்கானிக் ஜெயசீலன் பட்டனை அழுத்தியதும், செத்துக் கிடந்த கம்ப்யூட்டர் இரண்டு தரம் செருமிவிட்டு எழுந்தது.

"ஒண்ணுகூடப் போகல சார். உங்க பொண்ணு போட்டோ மொத்தமும் எடுத்துட்டேன்," என்றான். திரையில் சாருலதா சிரித்தாள்.

குலசேகரன் திரையைப் பார்க்கவில்லை. அவர் கை சிபியூவின் முகப்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. தான் சாவதற்கு முன் வந்த ஆயுத பூஜையில் சாருலதா அங்கே சந்தனப் பொட்டு வைத்திருந்தாள். காய்ந்த சந்தனத்தில் அவள் விரல் ரேகை அப்படியே நின்றிருந்தது. அது உதிர்ந்துவிடக் கூடாதென்றுதான் ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"முன்னாடி ஒரே கறை சார். ஸ்பிரே அடிச்சுப் புதுசாட்டம் துடைச்சுட்டேன்."

"நல்லா பண்ணியிருக்கீங்க தம்பி," என்றார் குலசேகரன்.

மறுபடியும் அழுத்தித் தடவினார். அந்தப் பளபளப்பில் அவருடைய ரேகைதான் விழுந்தது.