பழைய சோற்றுக்கு அபராதம்

கம்பெனி எனக்குப் போட்ட அபராதம் மூவாயிரத்து அறுநூறு ரூபாய். குடித்துவிட்டு வேலைக்கு வந்தேனாம். நான் குடியை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது.

கம்பெனி எங்கள் மணிக்கட்டில் ஒட்டிவிட்டிருக்கும் பட்டை வியர்வையில் சாராயத்தை மட்டும்தான் தேடும். இம்மியளவு இருந்தாலும் சிவப்பாக எரியும்.

"பழைய சோறு சார், நல்லாப் புளிச்சிருந்துச்சு. அதைத்தான் குடின்னு சொல்லுது."

சூப்பர்வைசர் ஞானப்பிரகாசம் சிரித்தான். "சைடு டிஷ் வெங்காயமாண்ணே? பட்டை பொய் சொல்லாது. நாளையிலேருந்து பிஸ்கட் தின்னுட்டு வாங்க."

பிஸ்கட்டைத் தின்றுவிட்டு இவன் ஒரு சட்டி சிமெண்ட் கலவையை மூன்றாம் மாடிக்குத் தூக்கிப் பார்க்கட்டும்.

அபராதச் செய்தி என் மனைவி தவமணியின் போனுக்கும் போயிருந்தது. அந்தச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தவளே அவள்தான். வாசலிலேயே மறித்தாள்.

"ஊதுய்யா."

"நீ போட்ட சோறுடி அது!"

"மெஷினுக்கு உன்மேல என்ன பகையா? ஊது."

ஊதினேன். வெங்காய வாடைதான் என்று அவளே சொன்னாள். அப்போதும் அவள் முகம் தெளியவில்லை.

சம்பளத்தில் பிடித்துப் பிடித்து, நேற்றோடு அபராதம் தீர்ந்தது என்று செய்தி வந்தது. அவளிடம் காட்டினேன். முழுக்கப் படித்தாள்.

"சரி, ஊது" என்றாள்.