பழைய பெல்ட்டின் நடை

நான்கு தடங்களில் பாட்டுப் பதிகிற கிழட்டு கேசட் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. எந்தப் பழைய பாட்டைப் போட்டாலும் எருமை கொட்டாவி விடுவதுபோல "ஆ...ஆ...ஆ..." என்று இழுத்தது. ஸ்க்ரூ டிரைவர் உள்ளே புகுந்து, தளர்ந்துபோன ரப்பர் பெல்ட்டைக் கழற்றி மேசையில் போட்டுப் புதுசை மாட்டியது.

"பெருசு, நீ படு. இனி நம்ம ராஜ்ஜியம்!" என்றது புது பெல்ட்.

பழைய பாட்டெல்லாம் ஜோராக வந்தன. ஆனால் ரெக்கார்டரின் சொந்தக்காரி ஜெசிந்தா போன வாரம் பாடிப் பதிவு செய்த பாட்டு மட்டும் "கீக்கீக்கீ!" என்று அணில் சண்டைபோல வந்தது.

ஜெசிந்தாவின் முகம் சுண்டியது. "என் பாட்டே போச்சா? அப்போ இது பழைய இரும்புக் கடைக்குத்தான்."

ரெக்கார்டர் புது பெல்ட்டை அதட்டியது. "டேய் புதுசு, ஏன்டா இந்த ஓட்டம்?"

"ஐயோ, நான் சரியாத்தான் ஓடுறேன்!"

"அவனைத் திட்டாதே," என்றது மேசையிலிருந்த பழைய பெல்ட். "அதைப் பதியறப்போ நான் தளர்ந்து மெதுவா இழுத்தேன். சரியான வேகத்துல போட்டா அது கீச்சுனுதான் கேக்கும்."

"அவ்வளவு தளர்ந்தும் முழுப் பாட்டையும் இழுத்தீங்களா?" என்றது புது பெல்ட்.

"பொண்ணு கண்ணை மூடிப் பாடிக்கிட்டு இருந்தா. நடுவுல எப்படிடா நிக்கிறது?"

புது பெல்ட் தன் ஓட்டத்தைக் குறைக்கச் சொன்னது. வேகக் குமிழ் மெல்ல இடப்பக்கம் திரும்பியது.

"அண்ணே, உங்க நடை இதானே?"

"இன்னும் கொஞ்சம் மெதுவா, தம்பி."

ஜெசிந்தாவின் சொந்தக் குரல் வந்தது. அவள் ரெக்கார்டரைத் திரும்பப் பூட்ட, கழற்றி வைத்த மூடியைத் தேட ஆரம்பித்தாள்.