ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

காருக்கு அடியிலிருந்து முதலில் செருப்புகள் வருகின்றன, பிறகு கிரீஸ் படிந்த பேன்ட், கடைசியாக எழுபது வயது மெக்கானிக்கின் நரைத்த தலை. "புடிச்சிட்டேன், சரியும் பண்ணிட்டேன்" என்கிறார். மூன்று ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கியும் யாரிடமும் அகப்படாத கடகடச் சத்தம் அது. தூக்கிவிடக் கை நீட்டுகிறார் கார்க்காரர். "தொடாதீங்க சார், அவரே எழுந்திருக்கணுமாம்" என்று தடுக்கிற மெக்கானிக்கின் மனைவி கையில் ஒரு ஸ்டூல் தயாராக இருக்கிறது. போன மாதம் இதே இடத்தில் விருட்டென்று எழுந்து, கண் இருட்டி, டூல் பெட்டிமேல் விழுந்தவர் மெக்கானிக். புருவத்துத் தையல் இன்னும் சிவப்பாகத் தெரிகிறது. எழுமுன் உட்கார்ந்து நிதானமாக எண்ணச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தரையில் உட்கார்ந்து பாதங்களை ஆட்டியபடி எண்ணுகிறார். "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு." மனைவியின் முகம் வெளுக்கிறது. "ஐயோ, எண்ணிக்கையே தடுமாறுதே! என்னங்க, தலை சுத்துதா?" "அட போடி. இஞ்சின்ல நாலு சிலிண்டரும் அந்த வரிசையிலதான் வேலை செய்யும். எனக்கு வேற மாதிரி எண்ண வராது." தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில் அவர் முழங்காலில் காசளவு மினுங்குகிறது. கார்க் கதவைப் பிடித்து ஒரு காலை ஊன்றுகிறார், பிறகு மற்றதை. நிற்கிறார். கண்ணை மூடித் திறக்கிறார். கூரை கூரையாக இருக்கிறது, சுவர் சுவராக இருக்கிறது. "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க சார்." இஞ்சின் தூங்கும் பூனைபோல மெல்ல உறுமுகிறது; கடகட இல்லவே இல்லை. மெக்கானிக் கதவிலிருந்து கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்கிறார். இத்தனை நேரம் அவருக்காகப் பிடித்திருந்த ஸ்டூலைக் கீழே போட்டு, மனைவி தானே அதில் உட்கார்ந்துவிடுகிறாள்.