சிவப்பில் எழுபத்தெட்டு

எண்பத்தொன்பது சென்டிமீட்டர் என்று மாமியார் முடிவு செய்துவிட்டார். சமையல் மேடையின் உயரம்.

என் உயரம் நூற்று நாற்பத்தாறு. மேடைக்கு மேல் அடுப்பு, அடுப்புக்கு மேல் வாணலி. உள்ளே என்ன வேகிறது என்பதை நான் வாசனையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஐந்து வருடமாக இந்த வீட்டில் அப்படித்தான் சமைக்கிறேன். முக்காலி போட்டுப் பார்த்தேன். கொதிக்கும் சூப்போடு ஒரு முறை விழுந்த பிறகு முக்காலியை விட்டுவிட்டேன்.

வலது தோள் மேலே ஏறி, இறங்க மறந்துவிட்டது. தலை சீவுவதெல்லாம் இடது கையால். இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் கையைத் தூக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் பழைய மேடையை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்றதும் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன்.

முதலில் ஃபெங் சுய் மாஸ்டர் வந்து அடுப்பையும் சிங்க்கையும் தள்ளித் தள்ளி வைத்தார். நெருப்பும் தண்ணீரும் சண்டை போடுமாம். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் நாத்தனார் வீடியோவில் வந்து கல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தார், ஓரத்தை வளைவாக வெட்டச் சொன்னார். முட்டை பொரிக்கத் தெரியாத என் கணவர் கெங் ஹுவாட், மேடைக்கு அடியில் நீல விளக்கு எரிய வேண்டும் என்றார்.

மிச்சம் இருந்தது உயரம். அதையாவது என்னிடம் கேட்பார்கள் என்று பார்த்தேன். அளவு டேப்பிடம் கேட்டார்கள்.

பினாங்கில் டேப்புக்குத்தான் அதிகாரம். சென்டிமீட்டருக்குப் பக்கத்திலேயே சிவப்பிலும் கறுப்பிலும் சீன எழுத்துகள் அச்சிட்டிருக்கும். கதவோ கட்டிலோ, அளவு சிவப்பில் விழுந்தால் வீட்டுக்கு நல்லது. கறுப்பில் விழுந்தால் கதை முடிந்தது.

எண்பத்தொன்பதில் ‘செல்வம்’ என்று சிவப்பில் இருக்கிறது. எனக்குத் தேவையான எழுபத்தெட்டில் ‘கேடு’ என்று கறுப்பில்.

மாமியார் கான்வென்ட்டில் படித்தவர். சீன எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. மகனுக்கும் தெரியாது. இருவருக்கும் நிறம் தெரியும், அது போதும். சீனப் பள்ளியில் படித்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். மருந்துப் பொட்டலத்தைப் படித்துச் சொல்ல மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள்.

இன்று காலை மேடை கட்டும் பாஸ் குவான் அளவெடுக்க வந்தார். காதில் சிகரெட், வாயில் பென்சில். சுவரை ஒட்டி டேப்பை நிமிர்த்தினார்.

நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

டேப்பில் எழுத்துகள் இரண்டு வரிசை. மேல் வரிசை, உயிரோடு இருப்பவர்களின் வீட்டுக்கு. கீழ் வரிசை, கல்லறைக்கு. இரண்டுக்கும் கணக்கு வேறு. மேலே கறுப்பாக இருக்கும் எழுபத்தெட்டு, கீழே பளிச்சென்று சிவப்பு. ‘வம்சம்’ என்று வேறு போட்டிருக்கிறது.

மேல் வரிசை மறைகிற மாதிரி விரலை வைத்தேன்.

“மம்மி, எழுபத்தெட்டுலயும் சிவப்புதான் இருக்கு. வம்சம் தழைக்கும்னு போட்டிருக்கு, பாருங்க.”

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

கெங் ஹுவாட் எட்டிப் பார்த்தார். சிவப்புதான் என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு கைப்பேசி அடித்தது, வாசலுக்குப் போய்விட்டார்.

பாஸ் குவான் பென்சிலை வாயிலிருந்து எடுத்தார். அவருக்கு எழுத்து தெரியும். முப்பது வருடமாக இந்த டேப்போடு குடும்பம் நடத்துகிறவர். என்னைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். ஆன்ட்டி, அந்த வரிசை வந்து, என்று இழுத்தார்.

கல்லறை அளவில் அடுப்பு வைக்கப் பார்த்த மருமகள் என்று தெரு முழுக்கப் பேர் வாங்கப்போகிறேன். அந்தப் பேரோடு எண்பத்தொன்பதும் வந்து சேரும்.

மாமியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டேப்பைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பார்த்தார். காலையில் ஒட்டிய மருந்துப் பிளாஸ்திரி கழுத்தோரம் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அதையும் குறை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“சிவப்புன்னா சிவப்புதானே, பாஸ்? வளவளன்னு பேசாம எழுதிக்கோங்க.”

சொன்னதை அவர் மாற்றிக்கொண்டதாக இந்தக் குடும்ப வரலாற்றில் எங்கும் இல்லை. பேரன் ஆசை எதையும் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். பாஸ் குவான் சுவரில் 78 என்று எழுதினார். மாமியார் தேநீருக்கு நல்ல கோப்பைகளை எடுக்கக் கூடத்துக்குப் போனார்.

எழுத்து தெரியாத மாமியார் வாய்த்தது என் பாக்கியம். ஏமாற்றியதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எழுபத்தெட்டில் கையை வைத்துப் பார்த்தேன். தோள் தானாக இறங்கியது. வெட்கமும் போய்விட்டது.

பாஸ் குவான் டேப்பைச் சுருட்டிக்கொண்டே என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். போன வருடம் என் மாமனாரின் கல்லறைக்குக் கல் வெட்டிக் கொடுத்ததும் அவர்தானாம். அன்றைக்கு ஏதோ ஞாபகத்தில் மேல் வரிசையைப் பார்த்து அளவு சொல்லிவிட்டாராம்.

“இதே ஆன்ட்டிதான் என் கையைத் தட்டிவிட்டு, செத்தவருக்குக் கீழ் வரிசையப் பாருய்யான்னு திட்டினாங்க.”