மூன்றாம் நம்பர் கல்

கோணி ஊசியால் காடாத் துணியைத் தைத்துக்கொண்டிருந்தேன். எதிரே என் வீட்டுக்காரர் பக்தவத்சலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்குத் தபால் பையைக் கட்டிவிடுவார்கள். அதற்குள் பார்சலைத் தைத்து, அரக்கு வைத்து, மரைன் ஹில்லில் இருந்து கீழே இறக்கியாக வேண்டும். விட்டால் இந்தத் தீவிலிருந்து அடுத்த கல்கத்தா கப்பலுக்குப் பதினைந்து நாள்.

பார்சலில் இருப்பது ஒரு தீட்டுக்கல்.

சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். சர்க்கார் தச்சுப் பட்டறையில் மேஸ்திரியான இவர் தீட்டுக்கல் சேர்க்கிறார். வெள்ளைக்காரன் விட்டுப் போனது, ஜப்பான்காரன் விட்டுப் போனது, திக்லிபூரில் ஒரு பெங்காலி வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது என்று மொத்தம் இருபத்து மூன்று. தகரப் பெட்டிக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய பனியன். அவர் போட்டுக்கொள்ள இரண்டுதான்.

எதிலும் எதையும் தீட்டக் கூடாது. தீட்டினால் தேயுமாம்.

ஆயுத பூஜைக்கு எல்லாக் கல்லுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார். பழைய சந்தனத்தைக் கழுவ விடமாட்டார். அதற்கு மேலேயே பூச்சு. ஆறு வருஷச் சந்தனத்துக்கு அடியில் இருப்பது கல்லா கருப்பட்டியா என்று சாமிக்குத்தான் தெரியும்.

சாமிக்கும் எனக்கும்.

பெட்டிக்கு ராஜா, மூன்றாம் நம்பர் கல். கல்கத்தாவில் ஒரு கம்பெனி யுத்தத்துக்கு முன்னால் போட்டு, அப்புறம் நிறுத்திவிட்டது. திரும்பப் போடுங்கள் என்று இவர் நாலு கடிதம் எழுதினார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் திருநாவுக்கரசுக்கு அது பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதே சண்டை.

"அரே பாய், புதுசு மார்க்கெட்டுக்கு வந்துட்டா உன் பழசை யாரு பாப்பாங்க?"

"நல்ல கல்லுன்னா ஊரே வெச்சுக்கட்டும்யா. கண்ணைக் கட்டிட்டு எந்தக் கல்லைக் கையில குடுத்தாலும் பேர் சொல்லுவேன். எனக்கென்ன பயம்?"

போன கப்பலில் கம்பெனி பதில் போட்டுவிட்டது. போடத் தயாராம். ஆனால் பழைய மாதிரி ஒன்றுகூட அவர்களிடம் இல்லையாம். உங்கள் கல்லை அனுப்பினால் அதைப் பார்த்து அப்படியே செய்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

பதினைந்து நாள் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. இன்றைக்குக் காலையில் இரண்டு தடவை கொல்லைக்குப் போனார். தனியாக அழப் போகிறார் என்று நான் கண்டுகொள்ளவில்லை. திரும்பி வந்து, செய்தித்தாளில் சுற்றிக் கட்டிய கல்லை என் மடியில் வைத்து, "தைச்சிடு விசாலம்" என்றார்.

அவர் கவலை அவருக்கு. என் கவலை வேறு.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி இந்தத் தீவில் வந்து இறங்கியபோது, வீட்டு அரிவாள்மனையில் சூரை மீன் அறுபடவில்லை, நசுங்கியது. மூன்றாம் நம்பரை எடுத்து ஒரே ஒரு தடவை தீட்டிக் கொடுத்துப் பெட்டியைப் பூட்டினார். மறுமாதம் மறுபடி மழுங்கிப்போய்க் கேட்டால், முடியாது என்றார்.

அவர் திக்லிபூருக்கு டியூட்டி போன வாரத்தில் மூன்றாம் நம்பரை நான் எடுத்துக்கொண்டேன். துவைக்கிற கல்லின் ஒரு மூலையைச் சுத்தியலால் தட்டி, அதே அளவுக்குத் தேய்த்து, சந்தனம் பூசி, பனியனுக்குள் படுக்க வைத்தேன். திரும்பி வந்தவர் துவைக்கிற கல்லின் மூலை எங்கே என்று கேட்டார். தேங்காய் விழுந்தது என்றேன். நம்பினார்.

அன்று முதல் ராஜா கொல்லையில், சோப்பும் மீன் செதிலுமாக எனக்கு உழைத்தார். "நான் ஒரு தடவை தீட்டினா ஆறு வருஷம் தாங்கும்" என்று இவர் திருநாவுக்கரசிடம் பீற்றிக்கொள்வார். நான் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

இப்போது கல்கத்தாவில் சந்தனத்தைச் சுரண்டிப் பார்ப்பார்கள். துவைக்கிற கல்லை அனுப்பியிருக்கிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று எழுதுவார்கள். இந்த மனிதர் திருநாவுக்கரசு முகத்தில் எப்படி விழிப்பார்? எனக்குப் பாவமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

ஊசி பட்டுச் செய்தித்தாள் கிழிந்தது.

உள்ளே சந்தனம் இல்லை. குங்குமம் இல்லை. கட்டைவிரலால் தடவினேன். நடுவில் பள்ளம். ஆறு வருஷமாக என் அரிவாள்மனை தேய்த்த பள்ளம். ஓரத்தில் ஒரு மீன் செதில்கூட ஒட்டிக்கொண்டிருந்தது.

மனிதருக்கு மனசு வரவில்லை. ராஜா என்று அவர் நினைப்பதைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு, கொல்லையில் கிடந்த ஏதோ ஒரு கல்லைக் கம்பெனிக்குச் சுற்றிவிட்டார். கண்ணைக் கட்டினாலும் பேர் சொல்லுகிறவர்.

"பாத்துத் தைடி. போறது பக்கா அசல்" என்றார். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.

"ஆமாங்க, அசல்தான்" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

பார்சலைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு படி இறங்கினார். வரும்போது சூரை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். கல் இருந்த இடம் காலி. அரிவாள்மனை இன்னும் ஒரு வாரம் தாங்கும்.

பெட்டிச் சாவி காலண்டருக்குப் பின்னால்தான் தொங்குகிறது. பெட்டிக்குள் நல்ல கல் இருபத்திரண்டு இருக்கிறது. துவைக்கிற கல்லில் இன்னும் மூன்று மூலை இருக்கிறது.