கப்பலை விட்டுப் போகாத கேப்டன்

“துரோகி!” என்று பல்லைக் கடித்தாள் ஷிஹோ. மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றிருந்த அவள் கையில் நாடகப் பிரதி கசங்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக் கலைவிழாவின் கடைசி நாடகம். பழைய கடல் சாகச நாவல் ஒன்றை மூன்று மாதம் தூக்கம் கெட்டு நாடகமாக்கியவள் அவள்தான். மார்ச் வந்தால் பள்ளி முடிகிறது. இன்னொரு மேடை கிடையாது.

நாவலில், மூழ்கும் கப்பலில் அடிபட்டுக் கிடக்கும் மாலுமியைக் கைவிட்டு, கேப்டன் படகேறித் தப்பிவிடுவான். “ரொம்பக் கொடூரமா இருக்கு ஷிஹோ. கேப்டன் கூடவே நிக்கட்டுமே!” என்று ஒத்திகை முழுக்கக் கெஞ்சியிருந்தான், கேப்டனாக நடிக்கும் கெய்தோ.

“கதையில இருக்கறதுதான் மேடையிலயும். நீ நடிச்சா மட்டும் போதும்” என்று அவன் வாயை அடைத்திருந்தாள் அவள்.

அதற்குத்தான் இப்போது பழிவாங்குகிறான்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இடிக்காக மேளம் அதிர்ந்தது. கூடவே மரம் நெரியும் சத்தமும் கேட்டது. ஒலிக்குழு பிரமாதப்படுத்துகிறது என்று அவள் பூரித்த மறுகணம், படகில் ஒரு காலை வைத்துவிட்ட கெய்தோ திரும்பி ஓடிவந்தான். ஓனோமிச்சித் துறைமுகத்திலிருந்து அவள் அடம்பிடித்துக் கொண்டுவந்த நிஜப் பாய்மரத்தில் முதுகைக் கொடுத்து நின்றுவிட்டான். அவன் காலடியில் மாலுமி வேடத்தில் நவோ, கண்ணை மூடிக் கிடந்தான்.

“நீங்க எல்லாரும் போங்க! நான் இந்த இடத்தை விட்டு ஒரு அடி நகர மாட்டேன்!”

பிரதியில் இல்லாத வசனம். படகில் இருந்தவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். அரங்கமோ மூச்சடங்கிப் போயிற்று.

“எழுந்திரு! தவழ்ந்தாவது அந்தப் பக்கம் போயிடு!” என்று நவோவைப் பார்த்துக் கத்தினான் கெய்தோ.

நவோ லேசுப்பட்டவனா? “முடியாது கேப்டன்... என் காலு போச்சு. என் உயிரு உங்க காலடியிலயே போகட்டும்!” என்று முனகினான். முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள்.

கெய்தோவின் முழங்கால்கள் நடுங்கின. வேர்வையும் கண்ணீருமாக ஷிஹோ நின்ற பக்கமே பார்த்தான். “பாயை இறக்கு! சீக்கிரம் இறக்கு!”

‘என்னையே வேற சீண்டுறானா?’ அவள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு முறை நடந்தாள், பிரதியை வீசி எறிந்தாள், கடைசியில் திரைக்கயிற்றைப் பிடித்திருந்த ரின்னிடம் சீறினாள்: “போடு திரையை! இதுக்கு மேல என் கதையை நாசம் பண்ண விடமாட்டேன்.”

திரை விழுந்தது. கைதட்டலில் கூரை பெயர்ந்துவிடும்போல இருந்தது.

ஷிஹோ மேடைக்குப் பாய்ந்தாள். “நினைச்சதைச் சாதிச்சுட்டல்ல? வெளிய எழுந்து நின்னு தட்டுறாங்க, கேக்குதா? போ, போய்க் குனிஞ்சு வணக்கம் சொல்லு, பெரிய தியாகி!”

கெய்தோ அசையவில்லை. மூச்சுத் திணறலுக்கு நடுவேதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

“அப்புறம் திட்டு, தாயே... பாய்மரம் முறிஞ்சிருச்சு, முதல்ல வந்து பிடி!”